முதலில் நிற்கக் கற்றுத்தராதீர்கள்: துடுப்புப் பலகைப் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலில் பேடில்போர்டு, அதாவது பலகையில் நின்று துடுப்புப் போடும் விளையாட்டைக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கும், அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் தொழிலைச் சேர்ந்தவள் இல்லை. வாழ்நாளில் துடுப்புப் பலகையில் ஏறியது ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம். அதில் பாதி முழங்காலில் போனது, மீதியில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. அப்படிப்பட்ட ஒருத்தி உங்களுக்கு மடல் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் பலகையில் பல வருடம் நின்று பழகியவர்களுக்குக் கற்றுக்குட்டியின் கால் எப்படி நடுங்கும் என்பது மறந்துபோயிருக்கும். எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எந்த ஊர், எந்தப் பயிற்சி நிலையம் என்று சொல்லப்போவதில்லை. நடந்தது அந்த ஒரு இடத்தின் குற்றம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு முகத்துவாரம். உள்ளே தள்ளி, அலை இல்லாத அகன்ற நீர்ப்பரப்பு. அடியில் கடற்புல், நடுவில் ஒரு மணல்திட்டு. விடுமுறை நாள்களில் தொலைநோக்கியோடு கரையில் உட்கார்ந்து பறவை பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அந்தத் திட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும்: ஆலாக்கள், உப்புக்கொத்திகள், உள்ளான்கள், நீண்ட அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் தூங்கும் மூக்கன்கள். கரையிலிருந்து பார்த்ததைத் தண்ணீரிலிருந்து பார்க்கலாமே என்ற ஆசையில்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

எங்களுக்குக் கற்றுத்தந்த தம்பி நல்ல பையன். ஆறு பேர் இருந்தோம். லைஃப் ஜாக்கெட்டின் வாரை ஒவ்வொருவருக்கும் இழுத்துப் பார்த்தார், பலகையையும் ஆளையும் பிணைக்கிற கயிறான லீஷைக் காலில் கட்டிவிட்டார், விழுந்தவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் கூடவே தானும் வேண்டுமென்றே ஒரு தடவை விழுந்து காட்டினார். “அக்கா, காலைப் பார்க்காதீங்க. எங்கே பார்க்கிறீங்களோ பலகை அங்கேதான் போகும்” என்று என்னிடம் நாலைந்து தடவை சொன்னார். அன்றைக்குக் கேட்டதில் மிக உண்மையான வாக்கியம் அதுதான். அதற்குத் திரும்ப வருகிறேன்.

முக்கால் மணி நேரத்தில் எழுந்து நின்றேன். ஆறு பேரில் கடைசி ஆள் நான்தான். நின்ற சந்தோஷத்தில் முதுகுப் பக்கம் காற்று பிடித்ததைக் கவனிக்கவில்லை. பலகை தானாகவே நகர ஆரம்பித்தது. எவ்வளவு நன்றாகத் துடுப்புப் போடுகிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பத்து எண்ணுவதற்குள் எதிரே மணல்திட்டு. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. திருப்ப வேண்டும் என்று தெரிந்தது, திருப்பப் போனால் விழுவேன் என்றும் தெரிந்தது. விழ மனமில்லாமல் நின்றேன். திட்டில் தூங்கிக்கொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழும்பியது. ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. பின்னாலிருந்து தம்பியின் குரல்: “சூப்பர் அக்கா! அப்படியே நில்லுங்க, போட்டோ எடுக்கிறேன்!”

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. நான் இரண்டு கையிலும் துடுப்பைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நிற்கிறேன். பின்னால் வானம் முழுக்கச் சிறகுகள். பார்த்தவர்கள் எல்லோரும் அழகான படம் என்றார்கள். பல வருடமாகக் கரையில் உட்கார்ந்து, யாராவது நாயை அவிழ்த்துவிட்டு அந்தக் கூட்டத்தைக் கலைத்தால் மனதுக்குள் திட்டியவள் நான். அன்றைக்கு நாயின் வேலையை நானே செய்தேன்.

அது நடந்து அரை மணி நேரத்துக்குள் ஆமை வந்தது. தம்பி கையை நீட்டி, “அதோ ஆமை!” என்றார். ஆறு தலைகள் திரும்பின, ஆறு பலகைகளும் திரும்பின. எங்கே பார்க்கிறீர்களோ அங்கே போகும் என்றார் அல்லவா, போனது. நாங்கள் யாரும் அதைத் துரத்தவில்லை, சத்தியமாக. பார்த்தோம், அவ்வளவுதான். பச்சை ஆமை மூச்சு வாங்க மேலே வரும், தலையை நீட்டி ஓரிரு நொடியில் மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கும், மேய்கிற நேரத்தில் சில நிமிடம் கழித்து மறுபடி வரும். இது மறுபடி வந்தபோது நாலு பக்கமும் பலகை நிழல். தலை வெளியே வந்தும் வராமலும் திரும்ப அமிழ்ந்தது. மூச்சு முழுதாக வாங்கியதா என்று எனக்குத் தெரியாது. நான் ஆமையாக இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

இந்த மடலில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடல் உயிர்களிடமிருந்து இத்தனை அடி, இத்தனை மீட்டர் தள்ளி இருங்கள் என்று எங்கும் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் எல்லாம் விலகிப் போகத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. முதல் வகுப்பில் இருக்கிறவருக்கு விலகத் தெரியாது, நிறுத்தத் தெரியாது, திரும்பத் தெரியாது. அவர் எங்கே போவார் என்பதை முடிவுசெய்வது காற்றும் நீரோட்டமும், அவர் கண் போகிற திசையும். ஆகவே அந்த இடைவெளியைக் காக்கிற பொறுப்பு முழுக்க முழுக்கக் கற்றுத்தருகிறவருடையது. “தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க” என்று தண்ணீரில் நின்று கத்துவது அந்தப் பொறுப்பில் சேராது. இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும்போதே அது முடிந்துபோக வேண்டிய வேலை.

உங்களுக்குத் தெரியாத இயந்திரவியல் இல்லை இது, ஆனாலும் ஒரு தடவை எங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். கற்றுக்குட்டிக்குக் கொடுக்கிற பலகை பத்து, பதினோரு அடி நீளம், முப்பத்திரண்டு அங்குலம் அளவுக்கு அகலம், உள்ளே காற்று. விழாமல் இருப்பதற்காகவே இவ்வளவு பெரிதாகச் செய்திருக்கிறார்கள், சரி. ஆனால் தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒன்றுமே அமிழாமல் மேலாக மிதக்கிற அந்தப் பொருளைக் காற்று காகிதம் மாதிரி தள்ளும். அதன் மேல் ஒரு ஆள் எழுந்து நின்றால் அவரே பாய்மரம். பழகியவருக்கு, ஒரு பக்கமாகத் துடுப்பை வீசி வளைத்துப் போட்டால் பலகை திரும்பும் என்பது கை தானாகச் செய்கிற வேலை. எங்களுக்கோ உடம்பின் முழுக் கவனமும் பாதத்தில் இருக்கிறது. இந்த நிலையில் எங்களை உயிர்கள் நிறைந்த நீரில் இறக்கிவிடுவது, பிரேக் எதுவென்று சொல்லித்தராமல் பள்ளிக்கூட வாசலில் வண்டி ஓட்டப் பழக்குவதைப் போன்றது.

“எங்களுடையது மோட்டார் இல்லாத விளையாட்டு, சத்தம் இல்லை, புகை இல்லை, இயற்கைக்குத் தொந்தரவே இல்லை.” நிலையத்தின் விளம்பரத் தட்டியில் இப்படித்தான் எழுதியிருந்தது. பாதி உண்மை. சத்தமில்லை என்பது சில நேரம் கெடுதல். மோட்டார் படகு தூரத்திலேயே கேட்கும். பழகிய விலங்கு அது எந்தப் பக்கம் போகிறது என்று கணித்துவிடும். பலகை கேட்காது. திடீரென்று பக்கத்தில் முளைக்கும். அதன் மேல் நெட்டுக்குத்தாக ஒரு உருவம், கையில் நீண்ட கோல். மணலில் படுத்திருக்கும் கடல்நாய்க்கோ பறவைக்கோ அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். ஆழம் குறைந்த இடுக்குகளுக்குள் படகு வராது, பலகை வரும். அதுவரை யாரும் எட்டாத கடைசி ஒதுக்கிடம் வரை நாங்கள் எட்டிவிடுகிறோம்.

இதைப் புரிந்துகொண்ட இடங்கள் இருக்கின்றன. ஹவாயில் சுழல் டால்ஃபின்கள் இரவு முழுக்க ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் அமைதியான விரிகுடாக்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். அதே விரிகுடா, அதே பகல்தான் மனிதர்களுக்கும் வசதி. தூங்க வந்தவற்றைச் சுற்றித் தினமும் ஆள்கள் கூடியதால், 2021-இல் அமெரிக்க அரசு அவற்றை 50 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று விதி போட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை அது செல்லும். நீந்துகிறவர், படகில் வருகிறவர், பலகையில் வருகிறவர் எல்லோருக்கும் பொருந்தும். ஃபுளோரிடாவின் கிரிஸ்டல் ரிவரில், குளிர்காலத்தில் ஊற்றுநீரின் சூட்டுக்காக வந்து ஒதுங்கும், கடற்பசுவுக்கு உறவான மானட்டிகளுக்கென்று, நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடியும்வரை சில பகுதிகளைக் கயிறு கட்டி மூடிவிடுகிறார்கள். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் மானட்டியால் நீண்ட நேரம் தாங்க முடியாது. பயந்து வெளியே போனால் குளிரில்தான் போக வேண்டும். நம் பக்கம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது கடற்புல்லை. கடற்புல் வளர்வது வெயில் எட்டுகிற ஆழம் குறைந்த அமைதியான நீரில். கற்றுக்குட்டிகளை இறக்க நீங்கள் தேடுகிற இடமும் அதேதான்.

கலிபோர்னியாவின் கடல் நீர்நாய் கதை இன்னும் சுவாரசியமானது. மற்ற கடல் பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல் அதற்குத் தோலுக்கடியில் கொழுப்புப் போர்வை கிடையாது. அடர்ந்த மயிரும் ஓயாத தீனியும்தான் குளிருக்குக் காப்பு. தன் எடையில் கால் பங்கு அளவுக்கு ஒவ்வொரு நாளும் தின்றாக வேண்டும். மல்லாந்து மிதந்து ஓய்வெடுக்கிறதே, அது சேமிப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரு பலகை நெருங்கி, அது புரண்டு முங்கினால், அந்தச் சேமிப்பிலிருந்து செலவு. 2023-இல் சாண்டா குரூஸில் 841 என்ற எண்ணுள்ள பெண் நீர்நாய் ஒன்று அலைச்சறுக்குக்காரர்களின் பலகைகளில் ஏறிப் பிடுங்கிக்கொண்ட செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகமே சிரித்தது. நானும்தான். ஆனால் மனிதர்களைக் கண்டு விலகாத நீர்நாய் மனிதர்களுக்கும் ஆபத்து, தனக்கும் ஆபத்து என்று அதைப் பிடிக்க அதிகாரிகள் நாள்கணக்கில் அலைந்தார்கள். பிடிபடவில்லை. நெருங்கிப் பழகுவது என்று நாம் ஆசையாகச் சொல்வதன் மறுபக்கம் இது.

இனி என் மணல்திட்டு. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடல் ஏறுகிற நேரத்தில் வகுப்பு வைக்கிறீர்கள். காரணம் நியாயமானது. தண்ணீர் போதுமான ஆழம் இருந்தால் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் என்ற தகடு தரையில் இடிக்காது, விழுகிறவருக்கும் அடிபடாது. ஆனால் கடல் ஏறும்போது பறவைகளுக்கு என்ன ஆகிறது? வற்றியபோது சேற்றுப்பரப்பு முழுக்கப் பரவி இரை தேடிக்கொண்டிருந்தவை, அந்தப் பரப்பு மூழ்க மூழ்க ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் மூழ்காமல் மிஞ்சுகிற ஒரு கைப்பிடி மணலில் மொத்தமாக வந்து நிற்கின்றன. அந்தச் சில மணி நேரம்தான் அவற்றின் தூக்கம். அடுத்த வற்றம் வரை போக வேறு இடம் இல்லை. அதாவது, உங்களுக்கு மிகத் தோதான நேரமும் அவை எங்கும் நகர முடியாத நேரமும் ஒன்று. வேண்டுமென்றே யாரும் இப்படித் திட்டமிடவில்லை. கடல்தான் அப்படி அமைந்திருக்கிறது. அதனாலேயே கற்றுத்தருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றைக் காலில் தூங்கிய மூக்கன்களைச் சொன்னேன். அவற்றில் ஒரு வகை, பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு, உடம்பில் பொருத்திய சிறு கருவியோடு அலாஸ்காவில் கிளம்பி, எங்கும் இறங்காமல், தின்னாமல், 11 நாள் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர். அந்தப் பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் உடம்பில் சேர்த்த கொழுப்பு. மணலில் சும்மா நிற்கிறது என்று நாம் நினைக்கிற பறவை, ஒன்று பயணத்துக்கு எடை சேர்த்துக்கொண்டிருக்கும், அல்லது பயணம் முடிந்து ஓய்ந்திருக்கும். நான் ஒருத்தி ஒரு தடவை எழுப்பிவிட்டதால் எதுவும் சாகாது. ஆனால் காலையில் இரண்டு வகுப்பு, மாலையில் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஆலாக்கள் முட்டையிடும் பருவமாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். அவை கூடு கட்டாமல் வெறும் மணல் குழியில் முட்டையிடுபவை. தாய் எழும்பிப் போன நிமிடங்களில் மேலே வெயில், பக்கத்தில் காக்கை.

கற்றுக்குட்டியை வைத்துக்கொண்டு நீங்கள் என்னதான் செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். பெரும்பாலானவற்றுக்குச் செலவே இல்லை.

முதலாவது, எங்களை நிற்க வைக்க அவசரப்படாதீர்கள். நாங்கள் அவசரப்படுவோம். நின்று படம் எடுத்தால்தான் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு என்று எங்களுக்கு நினைப்பு. நீங்கள் விடாதீர்கள். முழங்காலில் இருந்தபடியே நிறுத்த, பின்னால் போக, இரண்டு பக்கமும் முழு வட்டம் திரும்பக் கற்றுத்தாருங்கள். காற்றுக்கு எதிராக நூறு மீட்டர் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தவரை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்காலில் இருந்தால் காற்று குறைவாகப் பிடிக்கும், விழுந்தாலும் உயரம் குறைவு, பறவைக்கும் நாங்கள் அவ்வளவு பெரிதாகத் தெரிய மாட்டோம். கரையிலிருந்து கடல் பக்கம் வீசும் கரைக்காற்றில் தெரியாமல் தூரம் போய்விடுகிறவர்களைக் காப்பாற்றப்போவதும் இதே பாடம்தான். எங்கள் உயிருக்கும் அவற்றின் உயிருக்கும் ஒரே பாடம் போதும். ஏன் இதைக் கடைசியில் வைக்கிறீர்கள்?

அப்புறம், தண்ணீரில் இறங்குமுன் கரையில் கால் மணி நேரம். இங்கே யார் வசிக்கிறார்கள், இந்த மாதத்தில் என்ன செய்கிறார்கள், எந்தப் பக்கம் போகக் கூடாது என்று மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள். விலங்கு நம்மைக் கவனித்துவிட்டது என்பதற்கான அடையாளங்களைச் சொல்லுங்கள். தின்பதை நிறுத்தும், தலையைத் தூக்கும், கூட்டமாக நெருங்கி நிற்கும், குரல் கொடுக்கும். எழும்பிப் பறப்பது அதற்கெல்லாம் கடைசியில். தலை நிமிர்ந்த அந்த நொடியிலேயே நான் முழங்காலில் உட்கார்ந்து பின்வாங்கியிருந்தால் கூட்டம் எழும்பியிருக்காது. அந்த நொடியை நான் நன்றாகவே பார்த்தேன். பார்த்தும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருக்கையைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆழம் குறைந்த மணலில் புதைந்து கிடப்பதை மிதித்தால் வால் முள் ஏறும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிக்கொள்ளும். விழும்போதும் காலை ஊன்றிக் குதிக்காமல் தட்டையாக விழ வேண்டும். எங்கள் தம்பி தட்டையாக விழச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாததால் ஆறு பேரில் நாலு பேர் காலை ஊன்றித்தான் குதித்தோம்.

விலங்கைக் காட்டும் விதம் இன்னொன்று. ஆமையைக் காட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, அதைப் பார்க்கத்தானே வந்தோம். ஆனால் முதலில் “எல்லோரும் உட்காருங்கள், துடுப்பை மடியில் வையுங்கள்” என்று சொல்லிவிட்டு, காற்று எங்களை எதிர்ப்பக்கம் தள்ளுகிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் கையை நீட்டுங்கள். இந்த வரிசை மாறினால் ஆறு பலகையும் ஆமை மேல் போகும். உங்கள் வாக்கியமே அதற்குச் சாட்சி.

சங்கங்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. இந்த விளையாட்டு யாருடையது என்று சர்வதேச அலைச்சறுக்குச் சங்கமும் சர்வதேச கனூ சம்மேளனமும் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ச் சண்டை போட்டீர்கள். 2020-இல் ஒலிம்பிக் அளவில் அலைச்சறுக்குச் சங்கத்துக்கே உரிமை என்று தீர்ப்பு வந்தது. சரி, யாரோ ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது. சொந்தக்காரருக்குக் கடமையும் உண்டு. சான்றிதழ் கேட்டு வருகிறவரிடம் மீட்பு, முதலுதவி, வானிலை கேட்பதைப் போல, தான் கற்றுத்தரப்போகும் நீரில் பறவை எங்கே தங்கும், எந்த மாதம் முட்டையிடும், கடற்புல் எங்கே என்று ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள். வரையத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் வகுப்பு நடத்த அனுமதி இல்லை என்று வையுங்கள். நீரின் ஆபத்தைச் சரியாக எடைபோடாமல் குழுவை அழைத்துப் போனால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸில் 2021 அக்டோபரில் நடந்தது போதும். வெள்ளம் ஓடிய ஆற்றில் தடுப்பணையைத் தாண்டிப் போன பலகைக் குழுவில் நாலு பேர் இறந்தார்கள். ஓடும் ஆற்றில் இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் அவிழ்க்கக்கூடிய லீஷ் வேண்டும் என்ற அடிப்படையே அங்கே பின்பற்றப்படவில்லை. அது ஆறு, நான் பேசுவது கடல். ஆனாலும் இடத்தைப் படிக்காமல் இறங்குவது என்ற தவறு ஒன்றுதான்.

உங்களில் சிலர் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும். மீன்பிடிப் படகுகள் செய்யாததையா நாங்கள் செய்கிறோம்? இல்லைதான். ஆனால் மீனவர் பிழைப்புக்காகப் போகிறார், நாங்கள் பொழுதுபோக்கப் போகிறோம். அவருக்கு நீரோட்டமும் திட்டும் தெரியும். நின்று துடுப்புப் போடுவதும் அவருக்கு நேற்று வந்த வித்தை இல்லை. கட்டுமரம் என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த மொழியில் எழுதுகிறேன், இந்தச் சின்னப் பெருமைக்கு மன்னிக்கவும். இன்னொரு பதில், நெருக்கத்தில் பார்த்தால்தான் மக்களுக்கு அக்கறை வரும் என்பது. எனக்கு அக்கறை வந்தது கரையில் உட்கார்ந்து தூரத்தில் பார்த்தபோது. நெருக்கத்தில் பார்த்த அன்றைக்கு வந்தது வெட்கம்.

பலகையில் நின்று துடுப்புப் போடும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். 2000 வாக்கில் லேயர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா என்ற அலைச்சறுக்கு வீரர்கள் ஹவாயின் மாவித் தீவில் அதைப் பெரிதாக்குவதற்குப் பல பத்தாண்டு முன்பே, அதே ஹவாயின் வைகிகிக் கரையில் அலைச்சறுக்குக் கற்றுத்தந்தவர்கள் பெரிய பலகையில் துடுப்போடு நின்றார்கள். நின்றால் தூரம் தெரியும். வருகிற அலை தெரியும், எந்த மாணவர் எங்கே மிதந்து போகிறார் என்பதும் தெரியும். உங்கள் தொழில் பிறந்ததே கண்காணிப்பதற்காகத்தான். எங்களை மட்டும் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் இருக்கும் மணல்திட்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதே நிலையத்தில் இரண்டாவது வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தம்பியிடம் நேரில் பேசினேன். கோபப்படவில்லை, “யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை அக்கா” என்றார். திட்டைச் சுற்றி எங்கே எல்லை வைக்கலாம் என்று அடுத்த வாரம் இருவரும் கரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதாக ஏற்பாடு. கடல் பாதி வற்றி, பறவைகள் சேற்றில் பரவிப் போன பிறகுதான் தண்ணீரில் இறங்குவோம்.

அன்புடன்,
ஒரு வகுப்பு முடித்த மாணவி

பி.கு.: துடுப்பின் அலகு முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். அன்றைக்கு முழுக்க நான் பின்பக்கமாகப் பிடித்திருந்தேன் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தம்பியும் கவனிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.